4,500 ரூபாய் ரிப்போர்ட்டும் 1,500 ரூபாய் கைரேகையும்

மதுரை அண்ணாநகர் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் உளவியல் மையத்தில் அக்கா மகனுக்குக் கற்றல் குறைபாட்டுச் சோதனை எடுத்தோம். அதற்கான விமர்சனம் இது. ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மையத்தின் பெயரைப் போடவில்லை. ஏரியாவில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், பெயரைப் போட்டால் பையன் யாரென்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இதே பையனுக்குப் பள்ளிக்கூடம் வழியாக வந்த இன்னொரு "சோதனை"யும் இருக்கிறது. அதற்கு நட்சத்திரமே கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது விளங்கும் என்பதால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் லேப் டெக்னீஷியன். ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினால் ரிசல்ட்டை முதலில் பார்க்க மாட்டேன். எந்த மெஷின், என்ன மெத்தட், நார்மல் ரேஞ்ச் யாரை வைத்துப் போட்டது, கிட் எப்போது காலாவதி, கீழே கையெழுத்து யாருடையது என்றுதான் கண் போகும். மனசை அளக்கிறோம் என்று சொல்பவர்களிடமும் அதே கேள்விகளைத்தான் கேட்டேன்.

பையன் ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். வாயால் கேட்டால் எதையும் சொல்வான். வைகை அணையில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று செய்தி கேட்டு வந்து ஒப்பிப்பான். பேனாவைக் கையில் கொடுத்தால் முடிந்தது கதை. "பட்டம்" என்று இருப்பதைப் "படம்" என்று வாசிப்பான். அவன் நோட்டில் பாட்டி எப்போதும் "பாடி"தான். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் நடுவில் ஒரு வரி காணாமல் போயிருக்கும். இங்கிலீஷைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டயரி முழுக்கச் சிவப்பு மையில் "கேர்லெஸ்". அக்கா அடித்துப் பார்த்தாள், டியூஷன் மாற்றினாள், திருப்பரங்குன்றத்துக்கு வேண்டிக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் பள்ளியில் டி.எம்.ஐ.டி. என்று ஒன்று வந்தது. கைரேகையை வைத்துப் பிள்ளையின் அறிவு எந்தப் பக்கம் என்று சொல்கிற சோதனையாம். கேட்டு எடுக்கவில்லை. ஃபீஸ் ரசீதில் "ஆக்டிவிட்டி" என்று 1,500 ரூபாய் ஏறியிருந்தது. வகுப்பிலேயே ஒரு ஆள் லேப்டாப்பும் ஸ்கேனரும் கொண்டுவந்து பத்து விரலையும் வரிசையாக வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பத்து நாள் கழித்து வழவழ தாளில் கலர் கலராக ஒரு புத்தகம் வந்தது. பத்து விரலுக்கு மூளையில் பத்து இடமாம். இசை அறிவு இத்தனை சதவீதம், கணித அறிவு இத்தனை சதவீதம், எல்லாம் தசமப் புள்ளியோடு. பறவை வகையில் எங்கள் பையன் மயில். முருகன் கோயிலுக்கு வேண்டிக்கொண்ட நேரத்தில் மயில் என்று வந்ததும் அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

நான் அந்தப் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து படித்தேன். எந்த மெத்தட் என்று இல்லை. எத்தனை பிள்ளைகளை வைத்து இந்தச் சதவீதம் வந்தது என்று இல்லை. பிழை எவ்வளவு இருக்கலாம் என்று இல்லை. கையெழுத்தும் இல்லை. "கம்ப்யூட்டர் ஜெனரேட்டட்" என்று மட்டும் இருந்தது.

கைரேகை ஆராய்ச்சி என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. டெர்மடோகிளிஃபிக்ஸ் என்ற பெயரை ஹெரால்ட் கம்மின்ஸ் 1926இல் வைத்தார். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் உள்ளங்கைக் கோடுகளில் வித்தியாசம் இருப்பதைப் பார்த்தவரும் அவர்தான். ஆனால் ரேகை, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, ஐந்தாம் மாத வாக்கில் படிந்துவிடுகிறது. அதன் பிறகு மாறாது. பத்து வயதில் வாசிக்கத் திணறுகிற பையன் இருபது வயதில் சரளமாக வாசித்தாலும் ரேகை அதேதான். பிறகு அது அவன் படிப்பைப் பற்றி என்னத்தைச் சொல்லும்?

இதில் வேடிக்கை, இந்த வழியில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பே இருக்கிறார். பிரான்சிஸ் கால்டன். மனிதரை அளந்து தரம் பிரிக்கும் ஆசையில் யூஜெனிக்ஸ் என்ற பெயரையே 1883இல் உண்டாக்கியவர். மறு வருஷம் லண்டன் பொருட்காட்சியில் ஒரு கூடம் போட்டு, மூன்று பென்னி கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வை, காது கேட்கும் திறன், கைப்பிடி வலு எல்லாவற்றையும் அளந்து ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். ஒன்பதாயிரம் பேருக்கு மேல் காசு கொடுத்து நின்றிருக்கிறார்கள். தன்னை யாராவது அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் மனுஷனுக்கு அப்படி ஒரு ஆசை. அதே கால்டன்தான் கைரேகையை வகைப்படுத்தி 1892இல் எழுதினார். ரேகையைப் பார்த்து இனத்தையும் சுபாவத்தையும் சொல்லிவிடலாம் என்று பெரிதாக நம்பியதாகவும், அந்த நம்பிக்கை பொய்த்துப் போனதாகவும் அவரே ஒப்புக்கொண்டார். அவ்வளவு ஆசையாகத் தேடியவருக்கே கிடைக்காதது எங்கள் பள்ளிக்கூடத்து லேப்டாப்பில் கிடைத்துவிட்டது! இந்திய மனநல மருத்துவர் சங்கமும் டி.எம்.ஐ.டி.க்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

1,500 ரூபாய் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கோபம் வேறு இடத்தில். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளின் சதவீதப் பட்டியலை "வாழ்த்துகள்" என்று பூங்கொத்துப் படத்தோடு போட்டார்கள். பிறகு, அந்தப் பத்து விரல் ரேகையும் இப்போது யார் கம்ப்யூட்டரில் இருக்கிறது? ஆதார் காலத்தில் ரேகை என்பது சாவி. 2023ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அக்காவிடம் யாரும் ஒரு கையெழுத்துக்கூட வாங்கவில்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு, "எல்லா பேரண்ட்ஸும் ஹேப்பியாத்தான் சார் இருக்காங்க" என்று பதில்.

சரி, அண்ணாநகருக்கு வருவோம். அனுப்பியது எங்கள் குழந்தை மருத்துவர். போவதற்கு முன்னால் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: ஆர்.சி.ஐ. பதிவு. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கு சி.ஆர்.ஆர். எண் உண்டு, இணையத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். "கவுன்சிலர்", "கோச்", "சைக்காலஜி எக்ஸ்பர்ட்" என்று போர்டு யார் வேண்டுமானாலும் மாட்டலாம். மருத்துவ உளவியலாளர் என்று வேலை பார்க்க இந்தப் பதிவு வேண்டும். இங்கே எண் வாசல் போர்டிலேயே இருந்தது.

முதல் நாள் பையனைத் தொடவே இல்லை. அக்காவிடம் ஒரு மணி நேரம் கேள்வி. பிரசவம் எப்படி, எப்போது பேசினான், காய்ச்சலில் வலிப்பு வந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது வாசிக்கச் சிரமம் இருந்ததா. (மச்சான் பத்தாவதோடு நின்றவர். "எனக்கும் இப்படித்தான் எழுத்து குழம்பும்" என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயைத் திறந்தார்.) கண் டெஸ்டும் காது டெஸ்டும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார் அங்கே சோதனை எடுக்கும் உளவியலாளர் மேடம். அது நார்மல் என்று தெரியாமல் மேற்கொண்டு போக மாட்டாராம். சம்மதப் படிவம் தமிழில் இருந்தது. ரிப்போர்ட் யாரிடம் போகும், யாரிடம் போகாது என்று அதிலேயே எழுதியிருந்தது.

நான் நாலு நட்சத்திரம் கொடுக்க முக்கியக் காரணம் அடுத்து நடந்தது. சனிக்கிழமை காலை சோதனை ஆரம்பித்தாயிற்று. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதிக்கு வந்தபோது பக்கத்து மண்டபத்தில் காதுகுத்து விசேஷம், மைக் செட் அலற ஆரம்பித்துவிட்டது. மேடம் ஜன்னலைச் சாத்திப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, "இன்னிக்கு இது வேண்டாம், மீதியை அடுத்த சனிக்கிழமை வச்சுக்கலாம்" என்றார். அக்கா லீவு போட்டு வந்தவள், முகம் மாறிவிட்டது. நான் மனசுக்குள் கைதட்டினேன். ரத்த அணுக்கள் உடைந்துபோன சாம்பிளை மெஷினில் ஓட்டினாலும் ஏதோ ஒரு எண் வரத்தான் செய்யும், அதில் பொய்யாகக் கூடித் தெரியும் பொட்டாசியத்தை நம்பி டாக்டர் மருந்து எழுதினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். காசு வாங்கிய பிறகும் சாம்பிள் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிற லேப்தான் நல்ல லேப்.

இனி கிட். பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மரக்கட்டைகளின் சிவப்புச் சாயம் முனைகளில் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. இந்த அறிவுத்திறன் (ஐக்யூ) சோதனையின் பெயர் எம்.ஐ.எஸ்.ஐ.சி. டேவிட் வெக்ஸ்லர் அமெரிக்கப் பிள்ளைகளுக்காக 1949இல் கொண்டுவந்ததை நாகபுரியில் இருந்த ஆர்தர் மாலின் 1969இல் இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றியது. வாய்மொழிப் பகுதி ஆறு, கையால் செய்யும் பகுதி ஐந்து. சராசரி 100. அந்த 100 யாருடைய சராசரி? அரை நூற்றாண்டுக்கு முந்தைய பிள்ளைகளுடையது. இதை நான் விடவில்லை, கேட்டேன். காலம் போகப்போக மக்கள் இந்தச் சோதனைகளில் கூடுதலாக எடுக்கிறார்கள், அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு மூன்று புள்ளி என்று 1984இல் ஜேம்ஸ் ஃபிளின் காட்டியிருக்கிறார். பழைய அளவுகோலில் இன்றைய பிள்ளையை வைத்தால் எண் உப்பித் தெரியும். உண்மையாகவே அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு எண் எல்லைக்கோடான 70க்கு மேலே போய்விட்டால் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போகலாம். சின்ன விஷயம் இல்லை.

மேடம் மழுப்பவில்லை. "தெரியும் சார். புது கிட் விலைக்கு என்னால முடியல. அரசு விதியிலயும் இந்த டெஸ்ட்டைப் பேர் சொல்லியே போட்டிருக்கு. அதனால எண்ணை நான் ஒரு வேலைக்குத்தான் வச்சுக்கிறேன், வாசிக்க முடியாததுக்குப் பொது அறிவுக் குறைவு காரணம் இல்லைன்னு உறுதி பண்ணிக்க" என்றார். ரிப்போர்ட்டிலும் ஒரு வரி: கேள்விகள் தமிழும் ஆங்கிலமும் கலந்து கேட்கப்பட்டன, ஆகவே வாய்மொழிப் பகுதி மதிப்பெண்ணை எச்சரிக்கையோடு பார்க்கவும். எங்கள் ரிப்போர்ட்டில் கீழே போடுகிற குறிப்பு மாதிரி. அந்த ஒரு வரிக்கே நான் 500 ரூபாய் கொடுப்பேன்.

ஏனென்றால் அந்த வரியைப் போடாததால் நடந்த கூத்து கொஞ்சமில்லை. முதல் உலகப் போர் நேரத்தில் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேருக்கு அறிவுச் சோதனை வைத்தது. கேள்வி என்ன தெரியுமா? கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா. அது அங்கே கடையில் விற்கிற சமையல் கொழுப்பு. கப்பலில் வந்து இறங்கி நாலு மாதம் ஆன இத்தாலிக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? தெரியாதவனைப் புத்தி குறைந்தவன் என்று கணக்கு எழுதினார்கள். அந்தக் கணக்கை வைத்து கார்ல் பிரிகாம் 1923இல் எந்த நாட்டுக்காரன் எவ்வளவு மட்டம் என்று எழுதினார், 1924இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. 1930இல் பிரிகாம் தான் எழுதியது தவறு என்று திரும்பப் பெற்றார். சட்டம் திரும்பவில்லை. 1927இல் வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கிலும், எத்தனை வயதுப் பிள்ளையின் அறிவு என்று சோதனை சொல்லும் மன வயதுக் கணக்கு ஆதாரமாக நின்றது.

இத்தனைக்கும் இதை ஆரம்பித்தவர் நல்ல மனுஷன். பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, சிமோனுடன் சேர்ந்து 1905இல் போட்ட முப்பது பயிற்சிகள், வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனி உதவி கொடுக்கக் கண்டுபிடிப்பதற்கானவை. அறிவு என்பது வளர்க்க முடியாத ஒரு நிலையான அளவு என்று சொல்பவர்களை அவர் 1909இலேயே கண்டித்தார். 1911இல் இறந்துபோனார். அதற்குள் அவருடைய சோதனை கடல் தாண்டிப் போய்விட்டது. நம் பக்கம் அதை வி.வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு மாற்றி 1940இல் வெளியிட்டார். பினே–காமத் என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இன்றும் ஓடுகிறது.

மீதிக்கு வந்த சனிக்கிழமையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாம் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுதியை வைத்துப் பார்த்தார். கூடவே பையனின் சொந்தத் தமிழ்ப் புத்தகத்தையும் எடுத்து வாசிக்கச் சொன்னார். என்ன கேட்டார் என்று நான் எழுதப் போவதில்லை. வரும் வழியில் பைக்கில் பின்னாலிருந்து ஒன்றிரண்டை ஒப்பித்தான், ஆனால் கேள்வி வெளியே வந்தால் அடுத்த பிள்ளைக்கு அந்தச் சோதனை செல்லாது. இதை யூடியூபில் போட்டுப் பயிற்சி கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பழக்கி அழைத்துப் போனால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

முடிவு சொல்லும் நாள். அக்கா உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மேடம், ஐக்யூ எவ்வளவு?"

"ஒரே நம்பரா சொல்ல மாட்டேன்க்கா. இதுக்கும் இதுக்கும் நடுவுலன்னு சொல்றேன். நாளைக்கே திரும்ப வச்சா ரெண்டு மூணு புள்ளி அங்க இங்க போகும்" என்றார். சொன்ன இடைவெளி சராசரிக்குள் வசதியாக இருந்தது. எண்ணை இங்கே எழுதவில்லை, அது அவன் சொத்து.

பிறகு இரண்டு தாள்களை மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒரே விஷயத்தைப் பற்றி, சித்திரைத் திருவிழாவுக்குப் போனதைப் பற்றி, முதலில் வாயால் சொல்லச் சொல்லியிருக்கிறார், பிறகு எழுதச் சொல்லியிருக்கிறார். வாயால் சொன்னதை மேடம் வார்த்தை விடாமல் எழுதி வைத்திருந்தார். முக்கால் பக்கம். அழகர் எந்த மண்டகப்படியில் நின்றார், யார் தோளில் ஏறிப் பார்த்தான், தண்ணீர் பீச்சுகிறவர் முதுகில் தோல்பை எப்படி இருந்தது என்பது வரை. மற்ற தாளில் அவன் எழுதியது மூன்று வரி. ரப்பர் போட்டு அழித்து அழித்துத் தாள் ஒரு இடத்தில் ஓட்டையாகிவிட்டது. "திருவிழா" என்ற சொல் மூன்று இடத்தில் மூன்று விதம். அக்கா அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கேர்லெஸ்" என்று எழுதிய மிஸ்ஸுக்கு இந்த இரண்டு தாளையும் காட்ட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது.

மேடம் பையனையும் கூப்பிட்டு உட்காரவைத்து அவனுக்குப் புரிகிற மாதிரி தனியாகச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்டது, "கட்டையை வேகமா அடுக்குனதுக்கு எக்ஸ்ட்ரா மார்க் உண்டா மேடம்?"

"அது கம்பெனி ரகசியம்டா."

குறைகளுக்கு வருகிறேன், ஒரு நட்சத்திரம் போனது இவற்றால்தான். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம், அதுவும் எங்களுக்கே அகராதி வேண்டிய ஆங்கிலம். அக்கா பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அவள் பிள்ளையைப் பற்றி அவளாலேயே படிக்க முடியவில்லை. கேட்ட பிறகுதான் ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தார். நன்றாகவே எழுதியிருந்தார், கேட்காமலே கொடுக்கலாமே. விடைப் படிவம் ஜெராக்ஸ் பிரதி, ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. சோதனைத் தாளை நகல் எடுத்துப் பயன்படுத்துவது சரியில்லை. காத்திருக்க நாற்காலி கிடையாது, மாடிப்படிதான். ரசீது கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் முழு ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னது. மேடம் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: பரிந்துரைப் பக்கம் மட்டும் போதும், எண்களும் குடும்ப விவரமும் அவர்களுக்குத் தேவையில்லை. அந்த ஒரு பக்கத்தைத்தான் கொடுத்தோம். முன் பெஞ்ச், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட தாள், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் வாய்வழித் தேர்வு என்று அதில் இருந்தது. முதல் இரண்டும் நடக்கிறது. மூன்றாவதற்கு "மேனேஜ்மெண்ட்டைக் கேட்கணும்".

போகிறவர்களுக்கு ஒன்று. தனியார் மையம் கொடுப்பது ரிப்போர்ட்தான், சான்றிதழ் ஆகாது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும். 2018இல் வந்த விதியில், எட்டு வயதுக்கு மேல்தான் கொடுப்பார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்ப்பார்கள், 18இல் கொடுப்பது ஆயுளுக்கும் செல்லும் என்று இருந்தது. அங்கே சோதனைக்குக் காசு இல்லை, வரிசைதான் நீளம். 4,500 ரூபாய் இல்லாதவர்கள் நேராக அங்கேயே போகலாம். எங்கள் பையனுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ஆதார் நகல், பள்ளிக் கடிதம், பழைய நோட்டு இரண்டு, கண் ரிப்போர்ட், காது ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். காது ரிப்போர்ட் இல்லாமல் வந்து திரும்பிப் போனவர்கள் அன்றைக்கு எங்களுக்கு முன்னால் வரிசையில் இருந்தார்கள்.